நீலம் படும் இடம்

தண்டர் பேயில் பல்செட் கட்டுகிறவள் நான்.
வீட்டின் கீழ்த்தளம்தான் பட்டறை.
பிறர் வாயில் எது உயர்ந்து நிற்கிறதென்று தேடுவது என் பிழைப்பு.
நீலத்தாளை இடையில் வைத்துக்
கடியுங்கள் என்பேன்.
நீலம் பட்ட இடத்தில் ஒரு துளி அதிகம்.
அதை மட்டும் அராவ வேண்டும்.
பக்கத்தைத் தொட்டால்
அடுத்த மாதம் முழுக்க ஆளுக்குக் கஞ்சிதான்.

ஜனவரியில் ரெய்னோ லஹ்தினென்
கிளப்பிலிருந்து வரும் வழியில் பனியில் வழுக்கினார்.
ஒரே விழுகையில் இரண்டு உடைந்தன:
மேல்வரிசைப் பல்செட்,
காற்றுத் துப்பாக்கியின் மரக்கட்டை.
இரண்டையும் ஒரே போர்வையில் சுருட்டிக்கொண்டு வந்தார்.
கூடவே தபாலில் வரவழைத்த புதுக் கட்டை,
வால்நட், பாதி குடைந்தது.
மிச்சம் உங்கள் பாடு என்று அனுப்பியிருந்தார்கள்.
அவருக்குக் கை நடுக்கம். உளி பிடிக்காது.
"பல் பொருத்துகிறாய். இது அதைவிடப் பெரிய வாய், வதானி."
என் பெயரை அவர் இழுப்பது அப்படித்தான்.

துப்பாக்கி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.
தெரிந்துவிடக் கூடாதென்றே விமானம் ஏறியவள்.
காகித வட்டத்தை மட்டும்தான் சுடும் என்றார்.
சரி, வைத்துவிட்டுப் போங்கள்
என்று யாரோ என் குரலில் சொன்னார்கள்.

இரும்பின் அடிவயிற்றில் நீலத்தாளை ஒட்டி
மரத்துக்குள் இறக்கினேன். தட்டித் தூக்கினேன்.
நீலம்.
உளியால் ஒரு சீவல்,
வெங்காயத்தோல் கனம்.
மறுபடி இறக்கு, தூக்கு. நீலம்.
அறுபது தடவை இருக்கும்.
வாய்கள் பொய் சொல்லும்,
வீட்டுக்குப் போகும் அவசரத்தில்
இப்போ சரி, இப்போ சரி என்று.
மரத்துக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் அவரை வரச்சொல்லித்
தோளில் கட்டையை வைத்து, கன்னத்தைச் சாய்த்து,
பென்சிலால் கோடு போட்டேன்.
கோட்டுக்கு மேலிருந்ததைச் சுரண்டினேன்.
உப்புத்தாள். பிறகு ஈரத்துணி.
ஈரம் பட்டதும் மரத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது,
அது அடங்க மறுபடி உப்புத்தாள்.
ஆளிவிதை எண்ணெய் ஏழு பூச்சு,
ஒவ்வொன்றும் உள்ளங்கைச் சூட்டில்.
எண்ணெய்த்துணியைச் சுருட்டிப் போட்டால் தானே பற்றிக்கொள்ளும்
என்று டப்பாவில் எழுதியிருந்தது.
விரித்து வெளியே பனிமேல் போட்டேன்.
மைனஸ் இருபத்தெட்டில்
பின்முற்றம் முழுக்க மஞ்சள் கைக்குட்டைகள்,
யாரையோ வழியனுப்பிவிட்டு மறந்துபோனவை.

மார்ச் மாதம், ஒரே நாளில் இரண்டும் தயார்.
பல்லை மாட்டினேன். கடித்தார்.
நீலம் எல்லா இடத்திலும் ஒரே அளவு.
அரத்துக்கு வேலையே இல்லை.
பிறகு துப்பாக்கியைத் தோளில் ஏற்றினார்.
பேசவில்லை.
இறக்கினார், ஏற்றினார்.
"குறித்துளை எங்கே போயிற்று?"

நான்தான் நிரப்பியிருந்தேன் அவர் கன்னத்தை.
நான்தான் செதுக்கியிருந்தேன்
கன்னம் ஒட்டிக் கிடந்த நாளின் அளவுக்கு.
இரண்டு அளவும் சரி.
ஒரே முகத்தில் இரண்டும் சேரவில்லை.
தலையைச் சாய்த்தால் கண்
ஒரு நெல்லளவு வெளியே நின்றது.

அரத்தை எடுத்தேன். ஏழு பூச்சு
என்று என் கை என்னிடமே சொன்னது.
ரெய்னோ என்னைத் தடுத்தார்.
பல்லைக் கழற்றினார்,
என் மேசையில், மெழுகு உருண்டைகளுக்கு நடுவில் வைத்தார்.
கன்னத்தை மரத்தில் கிடத்தினார்.
சூட்டு அடுப்பிலிருந்து சலவை இயந்திரம் வரை பத்து மீட்டர்.
நடுக்கம் தோளுக்கு வந்து, அங்கே நின்றது.

டப்.

அந்தச் சத்தத்துக்கு என் தோள்களும் துள்ளின.
காகிதத்தில் ஒரு துளை, நடுவுக்குச் சற்றுக் கீழே.
ஈறு தெரியத் திரும்பி ஏதோ சொன்னார்.
பின்னிஷா, ஆங்கிலமா,
பல் இல்லாத வாயில் எல்லாம் ஒரே மொழி.

ஆண்டுக்கொரு தடவை எண்ணெய் காட்டுங்கள் என்றேன்.
பல்லுக்கா கட்டைக்கா என்று கேட்டார்.

இப்போது வியாழக்கிழமைகளில் கிளப்பில்
குண்டு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர்.
அவர் கோப்பில் நான் எழுதியது:
மேல்வரிசை நன்றாகப் பொருந்துகிறது.
சுடும்போது கழற்றவும்.